மதிய மாத்திரை

என் வேலை தடிமன் பார்ப்பது.

எங்கள் ஆலையில் எஃகுக் குழாய்களுக்குப் பெயின்ட் பூசுகிறோம். மண்ணுக்கு அடியில் போகிற குழாய் துருப்பிடிக்காமல் இருக்க, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் இத்தனை மைக்ரான் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். அதாவது, நான் எழுதி வைத்திருக்கிறேன். "ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. உங்க கண்ணுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். அவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். வியப்பில் வைக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது கிளம்புவதற்கான ஏற்பாடு என்று மாமியார்தான் பிற்பாடு விளக்கினார்.

என் அறைக் கதவில் 'தர மேலாளர்' என்று பலகை இருக்கிறது. பெயின்டர்கள் என்னை 'மைக்ரான்' என்பார்கள். எனக்குக் கேட்காது என்று அவர்கள் நினைப்பு. கேட்கும். கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஆகவே, கருத்தரிப்பு மையத்தில் டாக்டரம்மா என் மனைவியைப் படுக்க வைத்து, ஸ்கேன் திரையைக் காட்டி, "லைனிங் எட்டு மில்லிமீட்டராவது வரணும்" என்றபோது, வெளியூரில் சொந்த ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. கர்ப்பப்பையின் உட்சுவரும் ஒரு பூச்சுதானே?

"எட்டாயிரம் மைக்ரான்" என்றேன்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி" என்றார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். ஸ்கேன் கருவி உறுத்துகிறது போல என்று எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா வெள்ளைத்தாளில் படம் போட்டுச் சொன்னார். முதல் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன். அது ரத்தத்தில் ஏற ஏறச் சுவர் தடிக்கும். ஸ்கேனில் மூன்று கோடாகப் பளிச்சென்று தெரியும். வேண்டிய அளவு வந்ததும் இரண்டாவது ஹார்மோன், புரொஜெஸ்டிரோன். அது சேர்ந்ததும் சுவர் வளர்வதை விட்டுவிட்டுப் பக்குவப்பட ஆரம்பிக்கும். கோடுகள் கலைந்து ஒரே வெள்ளையாகும். அப்படி ஆரம்பித்த ஆறாவது நாளை ஒட்டி ஒன்றிரண்டு நாள்தான் கரு ஒட்டிக்கொள்ளும். முன்னால் வைத்தாலும் ஒட்டாது, பின்னால் வைத்தாலும் ஒட்டாது.

"முதல் மாத்திரை ஒரு நாளைக்கு மூணு வேளை. ரெண்டாவது மாத்திரை நான் சொல்ற அன்னிக்குத்தான். அதுக்கு முன்னாடி தொடவே கூடாது. தொட்ட அன்னியிலேர்ந்து லைனிங் நாள் எண்ண ஆரம்பிச்சிடும். நாம எண்ணறோமோ இல்லையோ, அது எண்ணும்."

"புரிஞ்சுது டாக்டர். முதல்ல பிரைமர், அப்புறம் டாப் கோட். ரெண்டுக்கும் நடுவுல ஒரு நேரம் இருக்கு. அதைத் தாண்டிட்டா மேல பூசறது ஒட்டாது, உரிஞ்சு வந்துடும்."

'உரிஞ்சு' என்ற சொல்லுக்கு மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

ஒட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மூன்று கரு உறைய வைத்திருந்தார்கள். ஒன்று வெளியே எடுத்தபோதே பிழைக்கவில்லை. இன்னொன்றைப் போன தடவை வைத்தார்கள்; தங்கவில்லை. மனைவிக்கு முப்பத்தெட்டு. மறுபடி ஊசி போட்டு முட்டை எடுப்பதை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா பதமாகச் சொல்லியிருந்தார். ஆக, மிச்சம் இருந்த அந்த ஒன்றுதான் எங்களுடைய எல்லாமும்.

போன தடவை ஏன் தங்கவில்லை என்று டாக்டரம்மாவுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாள் வேலையிலிருந்து வர நேரமாகி, ராத்திரி மாத்திரையை இவள் இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டாள். அன்றைக்கே குறித்து வைத்தேன். முடிவு வந்த சாயங்காலம் வீட்டில் என் அக்கா, அக்கா வீட்டுக்காரர், மாமியார், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனம் எனக்குக் கூட்ட அறை மாதிரி பட்டது. கூட்டம் என்றால் நான் பேசிவிடுவேன்.

"முறையா பண்ணியிருந்தா நின்னிருக்கும்" என்றேன். "ஒரு நாள் ரெண்டு மணி நேரம் தள்ளிட்டா. நான் சொன்னேன், கேக்கல."

அப்போது அவள் காபித் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தாள். தட்டை வைத்துவிட்டு, யாருக்கு எது சர்க்கரை இல்லாதது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எனவே இந்தத் தடவை மாத்திரைப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

என் முறையைச் சொல்ல வேண்டும். இருபத்தொரு அறை உள்ள பிளாஸ்டிக் டப்பா: ஏழு நாள், காலை, மதியம், இரவு. மாத்திரைகளை அட்டையோடு வைத்தால் டப்பா மூடாது. ஆகவே எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, ஆலையில் பெயின்ட் சாம்பிள் எடுக்கும் இரண்டு சின்னக் குப்பிகளில் போட்டேன். 'அட்டையிலயே இருக்கட்டுமேங்க, பேர் போட்டிருக்கே' என்றாள். பேரைவிடக் குறியீடு நம்பகமானது என்று விளக்கி, 'உ-1', 'உ-2' என்று சீட்டு அச்சடித்தேன். உ என்றால் உட்சுவர். குப்பி உருண்டையாக இருந்ததால் உடம்பில் ஒட்டிய சீட்டு கோணலாக நின்றது. என்னால் கோணலைச் சகிக்க முடியாது. மூடியில் ஒட்டினேன். மூடியில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆலையில் நான் எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் விதிகளில் நான்காவது: 'சீட்டை டப்பாவின் மூடியில் ஒட்டாதே. மூடி மாறும்.' ஏழாவது: 'செய்தவரே சரிபார்க்கலாகாது.'

டப்பாவோடு ஒரு அட்டவணையும் போட்டேன். மூன்று கட்டம்: நிரப்பியவர், சரிபார்த்தவர், விழுங்கியவர். முதல் இரண்டிலும் நான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவதில் மனைவி.

மாமியார் அப்போது எங்களோடு தங்கியிருந்தார். அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"ஏன் மாப்பிள்ளை, முழுங்கறதுக்குக் கூடவா கையெழுத்து?"

"ஆதாரம் வேணும் அத்தை."

"வயித்துக்குள்ள போறது போதாதா?"

"வயித்தைத் தொறந்து பாக்க முடியாது இல்லையா?"

"அதுவும் சரிதான்" என்றார். "உங்களால முடிஞ்சா தொறந்து பாத்துடுவீங்க."

முதல் வாரம் எல்லாம் சரியாக நடந்தது. சனிக்கிழமை ஸ்கேனில் ஆறு புள்ளி எட்டு. மூன்று கோடும் வரைந்து வைத்த மாதிரி. அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். ஞாயிறு ராத்திரி மாத்திரையும் முடிந்த பிறகு இரண்டாவது வாரத்துக்கு டப்பா நிரப்ப உட்கார்ந்தேன். காலை வரிசை முடிந்தது. இரவு வரிசை முடிந்தது. மதிய வரிசைக்கு வரும்போது அக்கா போன் பண்ணினாள்.

"என்னடா, எப்படிப் போகுது?"

"வீடியோவுல வா, காட்டறேன்" என்றேன்.

காட்டினேன். டப்பாவைக் காட்டினேன், அட்டவணையைக் காட்டினேன். இரண்டு குப்பியையும் திறந்து, இது வளர்க்கிற மாத்திரை, இது பக்குவப்படுத்துகிற மாத்திரை என்று கேமராவுக்கு முன்னால் ஆட்டினேன். "உன் வீட்டுக்காரர் பிரஷர் மாத்திரையை எப்படி வெச்சிருக்கார்? சட்டைப் பையில. அதான் வித்தியாசம்" என்றேன். அக்கா, "ஆமாண்டா, நீ பெரிய ஆளுதான்" என்றாள். அந்தத் திருப்தியோடு குப்பிகளை மூடினேன். மூடியைப் படித்து, உ-1 என்று இருந்ததைத் திறந்து, மதிய வரிசையில் ஏழு மாத்திரை போட்டேன். நிரப்பியவர்: நான். சரிபார்த்தவர்: நான்.

மனைவி பொய்ப்பல் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறாள். மதிய மாத்திரையைக் காலையிலேயே டப்பாவிலிருந்து எடுத்துக் கைப்பையில் கொண்டுபோய்விடுவாள். மெழுகில் பல் செதுக்குவாள். அரை மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டால் போட்டுக்கொள்கிறவருக்குத் தாடை வலிக்கும் என்பாள். கருவி வைத்து அளக்க மாட்டாள், விரலால் தடவியே சொல்லிவிடுவாள். அது முறையல்ல என்று பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்து கைப்பையை மாட்டிவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கு மதியம் போட்ட மாத்திரை கொஞ்சம் பெருசா இருந்துச்சுங்க."

"எவ்வளவு பெருசு?"

"தெரியல. நாக்குல வெச்சப்போ தோணிச்சு."

"நாக்கு அளவுகோல் இல்ல."

"வேற மாத்திரையா இருக்குமோன்னு..."

"ஒரு பேட்ச்சுக்கும் இன்னொரு பேட்ச்சுக்கும் கொஞ்சம் மாறும். அதுக்குப் பேரு டாலரன்ஸ்." டாலரன்ஸ் என்றால் என்ன என்று பத்து நிமிடம் சொன்னேன். அவள் அதற்குள் தலை வாரி முடித்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் சொன்னாள். "இன்னைக்கும் அதேதாங்க. ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"ரெண்டு தடவை பாத்து ரெண்டு கையெழுத்துப் போட்டிருக்கேன். நம்பிக்கை இல்லைன்னா சொல்லு. போன தடவை மாதிரி நீயே பாத்துக்கோ."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை சொல்லவில்லை, வியாழக்கிழமை சொல்லவில்லை. விழுங்கியவர் கட்டத்தில் அவள் கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் டாக்டரம்மாவிடம் காட்ட ஒரு கோப்பு தயார் செய்தேன். அவர் கேட்கவில்லை. முதல் பக்கத்துக்கு டப்பாவின் படம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று, வெள்ளிக்கிழமை அறைகள் மூன்றையும் திறந்து போனில் படம் எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று வெள்ளை வட்டம். நடுவில் இருந்தது மற்ற இரண்டுக்கும் அண்ணன் மாதிரி இருந்தது.

அளவுக்கருவியை எடுத்து வந்தேன். அரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஐநூறு மைக்ரான். ஆயிரத்தில் ஒரு பங்கு தெரிகிற என் கண்ணுக்கு, ஐநூறு பங்கு நான்கு நாளாகத் தெரியவில்லை. அவள் நாக்குக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

குப்பிகளைக் கொட்டிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்தேன். மூடி மாறியிருந்தது. நான்கு மதியம், நான்கு மாத்திரை. தொடவே கூடாது என்றதை நான்கு நாளாகக் கொடுத்திருக்கிறேன், கையெழுத்தோடு.

அடுத்து நான் செய்ததைத்தான் சொல்லக் கூசுகிறது. மனைவியைக் கூப்பிடவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணவில்லை. டப்பாவையும் குப்பிகளையும் துண்டுக்குள் வைத்துக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டேன், மூடி திறக்கும் சத்தம் கேட்காமலிருக்க. மதிய வரிசையில் மிச்சமிருந்த மூன்றையும் எடுத்துவிட்டுச் சரியானதைப் போட்டேன். மூடிகளை மாற்றினேன். மாமியார் கதவைத் தட்டி, "மாப்பிள்ளை, தண்ணி போகுது" என்றார். "குளிக்கிறேன் அத்தை" என்றேன். காய்ந்த தலையோடு வெளியே வந்தேன். அவர் என் தலையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

ராத்திரி சாப்பிடும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாளைக்கு ஸ்கேன் இருக்கிறது. கோடு கலைந்திருந்தால் டாக்டரம்மாவே பார்த்துவிடுவார். ரத்தப் பரிசோதனை வேறு இருக்கிறது. அந்த ஹார்மோன் ஏறியிருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். 'உடம்பு சரியா ஒத்துழைக்கல, அடுத்த மாசம் பாக்கலாம்' என்பார்கள். உடம்பு என்றால் இவள் உடம்பு. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. கருவியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். நான் பயந்தேன் என்று சொல்லவில்லை. கருவிகள்மேல் நம்பிக்கை வைத்தேன் என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை. ஸ்கேன் அறை குளிர்ந்து கிடந்தது. மனைவி கால்மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் அவள் தலைமாட்டில், கோப்பை மார்போடு அணைத்தபடி.

"எட்டு புள்ளி நாலு" என்றார் டாக்டரம்மா.

வெட்கம் கெட்ட மனசு, அந்த நேரத்திலும் ஒரு விநாடி பெருமைப்பட்டது.

"கோடு மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கு" என்று திரையைச் சாய்த்துப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்தேன். சொல்லுங்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். "ஒரு வேளை தானாவே கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சிருக்கோ என்னமோ. ரத்தம் எடுத்துப் பாத்துடலாம். ரெண்டு மணி நேரம் வெளிய உக்காருங்க."

வெளியே வரிசையாக நாற்காலி. சுவரில் சிரிக்கிற குழந்தைகளின் படம். கீழே உட்கார்ந்திருந்த எல்லோரும் அந்தப் படத்தைப் பார்க்காத மாதிரியே உட்கார்ந்திருந்தோம். மனைவி கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, "எட்டு புள்ளி நாலு நல்லதுதானேங்க?" என்றாள்.

"நல்லது" என்றேன்.

"நீங்க பாத்துக்கிட்டதாலதான்" என்றாள். கேலி இல்லை. உண்மையாகவே சொன்னாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

தண்ணீர்க் குழாயருகே நிற்கும்போது எங்கள் ஆலையின் வயதான பெயின்டர் ஞாபகம் வந்தது. போன வருடம் ஒருநாள் அவர் தானாகவே என் அறைக்கு வந்து, "சார், நேத்து பூசினது கெட்டுப்போன பிரைமர். மேல டாப் கோட் போட்டாச்சு. தடிமன் கரெக்டா காட்டும், ஆனா உள்ள தப்பு" என்றார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவரை என்ன செய்தேன்? மறுநாள் காலை எல்லோரையும் கூட்டி, அவரை முன்னால் நிற்க வைத்து, ஏழு விதிகளையும் அவரைவிட்டே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படிக்கும்போது ஒரு சொல்லில் தடுக்கினார். திருத்தினேன்.

சிஸ்டர் வந்து கூப்பிட்டார். மேஜைமேல் ரத்தப் பரிசோதனைத் தாள்.

"எல்லாம் நார்மல்" என்றார் டாக்டரம்மா. "புரொஜெஸ்டிரோன் ஏறவே இல்ல. ஈஸ்ட்ரோஜன் நான் நெனச்சதைவிடக் கொஞ்சம் கம்மி, பரவாயில்ல. இன்னைக்கு ராத்திரிலேர்ந்து ரெண்டாவது மாத்திரை ஆரம்பிங்க. ஆறாவது நாள் கரு வெச்சுடலாம்."

மனைவி என் முழங்கையைப் பிடித்தாள்.

கருவி சொல்லவில்லை. நான்கு மாத்திரை உள்ளே போயிருக்கிறது, அது எப்படி நார்மல்? ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் கணக்கு விளங்கியது. அவர்களுக்கு ஆறாவது நாள், அந்தச் சுவருக்குப் பத்தாவது நாள். கடைசிக் கரு, கதவடைத்த பிறகு போய்த் தட்டும். அது தங்காது. அதன்பின் ஒரு சாயங்காலம் எல்லோரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இவள் காபித் தட்டோடு வருவாள்.

தொண்டையைச் செருமினேன்.

"டாக்டர், வந்து... மாத்திரை வழங்கும் முறையில ஒரு சிறு விலகல் நேர்ந்திருக்க வாய்ப்பிருக்கு."

"என்ன?"

"மதிய வேளைக்கான மாத்திரை... இடம் மாறியிருக்கலாம்னு ஒரு ஐயம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "ஏம்மா, மாத்தி முழுங்கிட்டீங்களா?"

என் முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "தெரியலையே டாக்டர்... நான் டப்பால இருந்ததைத்தான்... எங்கியாவது நான்தான் கவனிக்காம..."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. சிஸ்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. சுவர்க்கடிகாரம் நான்கு முறை நகர்ந்தது. அவள் தன்மேல் போட்டுக்கொள்ளட்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. செய்யாமலும் இல்லை. அந்த நான்கு விநாடியும் எனக்கு இதமாக இருந்தன. அதுதான் உண்மை. அளந்து சொல்கிறேன்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர்" என்று அவள் ஆரம்பித்தாள். "போன தடவையும் நான்தான் ரெண்டு மணி நேரம்..."

"இல்ல" என்றேன். "அவ இல்ல. நான்தான். குப்பியோட மூடி மாறிடுச்சு. திங்கள்லேர்ந்து வியாழன் வரைக்கும் நாலு மதியம் ரெண்டாவது மாத்திரையைக் குடுத்திருக்கேன். அவ ரெண்டு நாள் சொன்னா, பெருசா இருக்குன்னு. நான் கேக்கல. நேத்து சாயங்காலமே எனக்குத் தெரியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அது எப்படியோ மற்றவற்றோடு சேர்ந்து வந்துவிட்டது.

"குப்பியா?" என்றார் டாக்டரம்மா. "என்ன குப்பி?"

கோப்பைத் திறந்து காட்டினேன். வேறென்ன செய்ய? முதல் பக்கம் டப்பாவின் படம், இரண்டாம் பக்கம் அட்டவணை. சிஸ்டர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"நிரப்பியவர், சரிபார்த்தவர். ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே சார்?"

"ஆமா."

"அப்புறம் எதுக்கு ரெண்டு கட்டம்?"

அந்தக் கேள்விக்கு எங்கள் ஆலைச் சுவரில் பதில் இருக்கிறது, சட்டம் போட்டு.

"நார்மல்னு வந்ததே டாக்டர்?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"உடம்பு தானா சுரக்கிற ஹார்மோனைத்தான் அந்தப் பரிசோதனை காட்டும்மா. நான் குடுத்திருக்கிற மாத்திரை கொஞ்சம் வேற வகை, ரத்தத்துல தெரியாது. லைனிங்குக்குத்தான் தெரியும்." டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லலைன்னா நான் வெச்சிருப்பேன். வெச்சிருந்தா போயிருக்கும்."

எனக்கு நன்றி சொல்கிறாரா, திட்டுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். நடந்திருக்கக்கூடியதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"இந்த மாசம் விட்டுடலாம். எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க, பீரியட்ஸ் வரட்டும். அடுத்த மாசம் முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். கரு பத்திரமா உறைஞ்சிருக்கு. அதுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது." மருந்துச் சீட்டைக் கிழித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ரெண்டு மணி நேரம்னு என்னமோ சொன்னீங்களேம்மா?"

"போன தடவை. ஒரு நாள் மாத்திரையை ரெண்டு மணி நேரம் லேட்டா போட்டேன் டாக்டர். அதனாலதான் தங்கல."

"யார் சொன்னது?"

அவள் கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள். கோப்பின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலை கொஞ்சம் மடங்கியிருந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் டாக்டரம்மா. "ஒரு வருஷமா அதையா மனசுல வெச்சுக்கிட்டிருக்கீங்க?"

வண்டியில் வரும்போது அவள் எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அன்று பின்கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு சிக்னல் தாண்டியதும், "நேத்து குளிச்சீங்களே, அதுக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "அம்மா அப்பவே சொன்னாங்க, மாப்பிள்ளை தலையே நனையலடின்னு."

வீட்டில் மாமியார் கதவைத் திறந்தபடியே நின்றார். "என்ன சொன்னாங்க?"

மனைவி செருப்பைக் கழற்றினாள். "அவரு சொல்லுவாரு" என்றாள்.

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். மூடி, நான்கு மதியம், குளியலறை. மாமியார் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவர் குறுக்கே பேசாத முதல் சந்தர்ப்பம் அது. முடித்துவிட்டேன் என்று நாற்காலியை இழுத்தேன்.

"போன தடவை பத்தி டாக்டர் சொன்னதையும் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"அதான், ரெண்டு மணி நேரம்... பெருசா பாதிப்பு இருந்திருக்காதுன்னு..."

"நேரா சொல்லுங்க."

"அவ தப்பு இல்ல அத்தை. நான் தெரியாம சொன்னது."

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அன்னிக்கு ராத்திரி அவ எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா மாப்பிள்ளை? நானே கொன்னுட்டேனாம்மான்னு கேட்டா" என்றார். "எனக்கு என்ன தெரியும்? நீங்க பெரிய அளவு பாக்கிறவரு. நானும் அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன்."

இழுத்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு உங்க அக்கா இருந்தாங்க, அவங்க வீட்டுக்காரர் இருந்தாரு, எதிர்வீட்ல இருந்தும் வந்திருந்தாங்க" என்றாள் மனைவி. குரல் உயரவில்லை. மெழுகில் எந்த இடத்தைச் சீவ வேண்டும் என்று காட்டுகிற மாதிரி சொன்னாள். "எத்தனை பேர்கிட்ட சொன்னீங்களோ, அத்தனை பேர்கிட்டயும் சொல்லுங்க."

"இப்பவேவா?"

"சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போலாம். முதல்ல அக்கா."

போனை எடுத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போட்டேன்.

"அக்கா, ஒரு விஷயம். இந்தத் தடவை ஒரு சின்ன நடைமுறைச் சிக்கல்..."

மனைவி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நான் மாத்திரையை மாத்தி வெச்சிட்டேன். இந்த மாசம் நிறுத்திட்டாங்க."

"எதைடா மாத்தி வெச்சே? அன்னிக்கு வீடியோவுல காட்டினியே, டப்பா, கையெழுத்து எல்லாம்..."

"அதையேதான். உனக்குக் காட்டும்போதுதான் மாறிச்சு."

அந்தப் பக்கம் அக்கா வீட்டுக்காரர் யாரென்று கேட்பது கேட்டது. அவருடைய பிரஷர் மாத்திரை அப்போதும் சட்டைப் பையில்தான் இருந்திருக்கும், அட்டையோடு, பேரோடு.

"இன்னொண்ணு" என்றேன். "போன தடவை அவமேல சொன்னேன் இல்ல, லேட்டா போட்டான்னு. அது பொய். டாக்டர் சொல்லிட்டாங்க."

"ஐயோ" என்றாள் அக்கா. "நான்கூட அவளை ரெண்டு வார்த்தை சொன்னேனேடா, அன்னிக்கு சமையல்கட்டுல." அது எனக்குத் தெரியாது. மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போனை அவகிட்ட குடு. குடு முதல்ல."

கொடுத்தேன். அவள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் பேசுவது கேட்கவில்லை. பிறகு அழுவது கேட்டது. எழுந்தேன். மாமியார் கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க உக்காருங்க. அது உங்களுக்கில்ல."

உட்கார்ந்தேன். மேஜைமேல் டப்பா இருந்தது. வெள்ளி மதியம், ராத்திரி, சனி, ஞாயிறு அறைகளில் வெள்ளை வட்டங்கள் அப்படியே இருந்தன. மாமியார் அதை என் பக்கம் தள்ளினார்.

"இதைக் காலி பண்ணிக் கழுவி வெச்சிடுங்க. ஊறுகாய்க்கு ஆகாது, பட்டன் போட்டு வெச்சுக்கலாம்."

சமையலறைத் தொட்டிக்குப் போனேன். இருபத்தொரு மூடி. ஒவ்வொன்றாகத் திறந்து, விரல் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். மதிய வரிசை அறைகளில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. இரண்டாவது தடவையும் கழுவினேன். மாமியார் பின்னால் வந்து நின்று, ஒவ்வொரு அறையாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த மூலையில இன்னும் இருக்கு மாப்பிள்ளை" என்று திருப்பிக் கொடுத்தார்.